ஷென் ஆயிக்குக் குடுத்த படம்

போகணும்னா இப்பவே போயிடணும். கார் வந்து நின்னப்புறம் காலனிக்காரங்க எல்லார் முன்னாலயும் போய் நிக்கறது நல்லா இருக்காது. இப்பப் போனா லிஜுவான்தான் கதவைத் திறப்பா, திறந்தா நான் என்ன சொல்றது. அம்மாவை ஒருதரம் பாத்துட்டுப் போயிடறேன்னு சொல்லலாம். பாத்துட்டு. அந்த வார்த்தையைத்தான் சொல்ல முடியாது, நான் பாக்கறதுதானே இப்ப அவங்களுக்குப் பயம். ஒரு வார்த்தை பேசிட்டுப் போயிடறேன்னு சொல்லலாம். என்ன பேசணும், என்கிட்டச் சொல்லுங்க, நான் சொல்லிடறேன்னு அவ கேட்டா? கேப்பா, டீச்சராச்சே. ஷென் ஆயி எங்களுக்கு நேர் கீழ் வீடு, ஆயின்னா இங்க அத்தை மாதிரி. சீனத்துல இந்த ஊருக்கு வந்த பதினோரு வருஷமா அவங்க தலைக்கு மேலதான் நான் நடமாடறேன், லிஜுவான் அவங்க மக. இன்னிக்கு ஆயியை ஹாங்சோ ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறாங்க. வயித்துல கட்டி, ஆபரேஷன் பண்ணணும். இதை எனக்குச் சொன்னது கேட்டுல உக்காந்திருக்கற காவக்காரர். லிஜுவான் சொல்லல, ஆயியும் சொல்லல. நான் எடுத்துக் குடுத்த அவங்க படம் அந்த வீட்டுக்குள்ள போய் ஒரு மாசம்கூட ஆகல, அதுக்குள்ள கட்டி இருக்குன்னு தெரிஞ்சுபோச்சு. அவங்க வாயால ஒரு வார்த்தை, 'மா நீ, உன்னால இல்ல'ன்னு ஒரே ஒரு வார்த்தை வேணும் எனக்கு. அதைக் கேக்காம அந்தக் கார் போயிடுச்சுன்னா நான் என்ன ஆவேன்னு எனக்கே தெரியல. என் பேரு வசந்தாமணி. அவங்களுக்கு அது வாயில நுழையாது, கடைசியில இருக்கற மணியை மட்டும் எடுத்து, அதையும் ரெண்டா உடைச்சு மா நீ, மா நீன்னு கூப்பிடுவாங்க. கூப்பிட்டு மூணு வாரமாச்சு.

மழை விட்டு இன்னிக்குத்தான் வெயில். ஜூன் மாசம் வந்தா இந்தப் பக்கம் ஊத்து ஊத்துன்னு ஊத்தும், சுவரெல்லாம் வேர்க்கும், அலமாரியில வச்ச செருப்புல பூஞ்சை பூக்கும். மழை விட்டதும் ஊரே ரஜாயை, அந்தப் பஞ்சு வச்ச போர்வையைத் தூக்கிட்டு வெளிய வந்துரும். சமையக்கட்டு ஜன்னல்ல இருந்து பாத்தா இப்பக் கீழ தரையே தெரியல. கைப்பிடிக் கம்பி, செடி வேலி, வயசானவங்க உடற்பயிற்சி பண்ணறதுக்குன்னு நட்டு வச்சிருக்கற இரும்பு, நிக்கற ஸ்கூட்டர், எது மேலயும் ரஜாய். சிவப்புல பெரிய பெரிய பூப்போட்டது, கல்யாணத்துக்கு வந்தது போல, முப்பது வருஷமா அதைத்தான் போத்தறாங்க. ஒரு கிழவி பிரம்பால அடிச்சுத் தூசி தட்டறா. போன வருஷம் இதே வெயிலுக்குக் கேமராவைத் தூக்கிட்டு ஓடினேன், அடுப்புல பால் இருந்ததே மறந்துபோச்சு. இப்பக் கேமரா மேசை மேல கிடக்கு. பக்கத்துல அந்தப் படம். சிவப்புக் காகிதத்துல சுத்தித் திருப்பிக் குடுத்துட்டாங்க, நான் பிரிக்கல. நல்லா சுத்தியிருக்கா லிஜுவான், மூலை மூலையா மடிச்சு, எதையும் அரைகுறையாப் பண்ண மாட்டா. தோசை ஊத்தலாம்னு மாவை எடுத்து வச்சேன், அது பொங்கி வழியுது. வழியட்டும். கீழ என்னமோ இழுக்கற சத்தம், பெட்டியா இருக்கும். இப்பப் போலாம். செருப்பு எங்க. வேண்டாம், பெட்டி கட்டற நேரத்துல போனா இடைஞ்சல்.

பதினோரு வருஷமா வேற என்ன பண்ணேன் நான். எங்க வீட்டுக்காரர் காலையில துணி மார்க்கெட்டுக்குப் போனார்னா விளக்கு வச்சுத்தான் வருவார். கரூர்ல இருந்து திரைத்துணி வாங்க வர்றவங்களுக்கு இவர்தான் இங்க எல்லாம். பாஷை தெரியாத ஊர்ல நாலு சுவத்துக்குள்ள பைத்தியம் பிடிக்காம இருக்கட்டும்னு அவர்தான் கேமராவை வாங்கிக் குடுத்தார். அதுல இருந்து தெருத்தெருவா அலைஞ்சேன். வாய்க்கால் ஓரத்துல பாத்திரம் கழுவற பொம்பளைங்க, பனியன் கழுத்து வரைக்கும் சுருட்டி வயித்துக்குக் காத்து வாங்கற ஆம்பளைங்க, கூண்டுப் பறவையோட நடக்கப் போற தாத்தா, சாயங்காலம் ரேடியோ போட்டு வரிசையா ஆடற அம்மாக்கள், பால்கனியில துணியோட துணியாத் தொங்கற உப்புப் போட்ட மீன். சீனத்து அன்றாடம்னு பேரு வச்சு இன்டர்நெட்ல ஒரு பக்கம் ஓட்டறேன், சென்னையில இருந்தெல்லாம் எழுதறாங்க, அம்மா உங்க கண்ணே கண்ணுன்னு. என் கண்ணு. அதைப் படிச்சா எனக்குச் சிரிப்புத்தான் வரும். இந்தக் கண்ணைப் பத்தி எங்க ஊர்ல கேட்டுப் பாருங்கன்னு எழுதலாமான்னு தோணும்.

எழுதல. எனக்குக் குழந்தை இல்ல, அவ்வளவுதான் சமாச்சாரம். எங்க ஊர்ல அது அவ்வளவோட நிக்காது. ஓரகத்தி சிவகாமிக்குப் பிள்ளை பிறந்து தொட்டில் போட்ட அன்னிக்கு நான் அதை மடியில வச்சிருந்தது ஒரு பாட்டு பாடற நேரம். 'தூக்கம் வருது போல, உள்ள படுக்க வைங்க'ன்னு யாரோ சொன்னாங்க, 'வசந்தா, பாயசம் அடிபிடிக்குதான்னு பாரு'ன்னு இன்னொருத்தி. அடுப்பையே அணைச்சிருந்தாங்க. சாயங்காலம் பிள்ளை வீல்வீல்னு கத்தினப்ப என் மாமியார் உப்பு, வரமிளகா, கடுகு எடுத்து மூணு சுத்து சுத்தி அடுப்புல போட்டாங்க. மிளகா கமறினா கண்ணு படலைன்னு கணக்கு, கமறாம எரிஞ்சாப் பட்டிருக்குன்னு கணக்கு. கமறல. மிளகா புதுசு, ஈரம், எனக்குத் தெரியும், நான்தானே வாங்கி வச்சேன்.  எல்லாரும் என்னைப் பாக்காம இருந்தாங்க பாரு, அதுதான். அப்புறம் எந்த விசேஷத்துக்குப் போனாலும் நான் தரையைப் பாத்துட்டு நடப்பேன். ஏன்டி குனிஞ்சே நடக்கறன்னு எங்கம்மா கேட்டா, செருப்பு தொலைஞ்சிடும்னு சொல்வேன். சீனாவுக்குப் போலாமான்னு இவர் கேட்டப்ப, சந்திரனுக்குப் போலாமான்னு கேட்டிருந்தாலும் சரின்னிருப்பேன்.

இங்க வந்து முதல் மாசம், வாய்க்கால் படிக்கட்டுல ஒரு பாட்டி பேரனை வச்சுட்டு உக்காந்திருந்தா. நான் கேமராவைத் தூக்கினதும் பிள்ளையை மூடிக்குவான்னு நினைச்சேன். அவ பிள்ளையோட கன்னத்தைத் துடைச்சு, தொப்பியைச் சரி பண்ணி, எம்பக்கம் திருப்பிக் காட்டினா. பாரு, நல்லாப் பாருங்கற மாதிரி. நான் அவசரத்துல அமுக்கி அந்தப் படம் ஆடிப்போச்சு. அன்னிக்கு வீட்டுக்கு வந்து குழாயைத் திறந்து விட்டுட்டு அழுதேன். அதுக்கப்புறம் எத்தனை குழந்தைங்க, எத்தனை பிரசவத்துக்காரிங்க, எல்லாரும் காட்டினாங்க. அதைத்தான் நான் எடுத்தேன். சீனாவை எடுத்தேன், கலாச்சாரத்தை எடுத்தேன்னு எல்லாரும் நினைக்கறாங்க. என்னைப் பாத்து மூடிக்காதவங்களை எடுத்தேன், அவ்வளவுதான். இதை யார்கிட்டயும் சொன்னதில்ல, இவர்கிட்டக்கூட. ஷென் ஆயிக்கு மட்டும் தெரிஞ்சிருக்கும். அவங்க கடுகுக்கீரையை முறத்துல பரப்பி நடைபாதையில காய வச்சிட்டிருந்தாங்க, நான் படம் எடுக்கறேன் எடுக்கறேன்னு சுத்திச் சுத்தி வந்தேன், 'வெறுமனே நின்னு பாத்தாக் கீரை காயுமா, உக்காந்து திருப்பிப் போடு'ன்னு கையைப் பிடிச்சு இழுத்து உக்கார வச்சாங்க. பாஷை புரியல, இழுத்தது புரிஞ்சுது. பாஷை வந்தப்புறம் ஒருநாள் பட்டுன்னு கேட்டாங்க, உனக்கு ஏன் குழந்தை இல்லைன்னு. இல்ல ஆயி, வரலைன்னேன். ஓன்னாங்க. எந்திரிச்சுப் போய் டீத்தண்ணியில வேக வச்ச முட்டை ஒண்ணு உரிச்சு எங்கையில குடுத்து, சாப்பிடுன்னாங்க. அதோட அந்தப் பேச்சு முடிஞ்சுது. லிஜுவானுக்கு மக பிறந்தப்ப ஆஸ்பத்திரியில இருந்து வந்ததும் நேரா மாடியேறி வந்து எங்கையிலதான் குடுத்தாங்க, பிடி, எனக்கு முழங்கால் வலிக்குதுன்னு. என்னை ஆட்டி வைப்பாங்க, திட்டுவாங்க, உப்பு ஜாஸ்தி தின்னறேன்னு, முடி கொட்டுதுன்னு, இந்த வயசுல ஏன் இவ்வளவு கறுப்பாத் துணி போடறேன்னு. கறுப்பு. அப்பவே சொன்னாங்களே.

அவங்க படத்தைக் கறுப்பு வெள்ளையா ஏன் மாத்தினேன்.  கலர்ல அவங்களுக்குப் பின்னால பிளாஸ்டிக் வாளி, மஞ்சச் செருப்பு, துடைப்பம் எல்லாம் கண்ணை உறுத்துச்சு. கலரை எடுத்ததும் முகம் மட்டும் நின்னுச்சு, அந்தச் சுருக்கம், சிரிக்கப் போறதுக்கு முன்னாடி ஒரு அடக்கம். பதினோரு வருஷத்துல நான் எடுத்ததுலயே நல்ல படம் அதுதான். பிறந்தநாள் வருதே, பெருசாப் போட்டுக் குடுக்கலாம்னு மார்க்கெட்டுக்குப் பக்கத்துப் படக்கடைக்குப் போனேன். அந்தக் கடைக்காரன் படத்தைப் பாத்தான், என்னைப் பாத்தான், குரலை இறக்கி, எத்தனை வயசுன்னு கேட்டான். எழுபத்துமூணுன்னேன். அளவு நான் சொல்லவே இல்ல, அவனே எடுத்தான், சட்டமும் அவனே எடுத்தான், கறுப்பு மரம், அகலமா. நல்லா இருந்துச்சு. பேரம் பேச வாயைத் திறந்தேன், பேசவே விடல, அவனாக் குறைச்சுட்டான். ரெண்டு கையாலயும் குடுத்து, குனிஞ்சு, எனக்குத் தெரியாத ஒரு வார்த்தை சொன்னான். எவ்வளவு மரியாதையான பையன்னு நானும் சிரிச்சுக்கிட்டே நன்றி சொல்லிட்டு வந்தேன். சிரிச்சேனே. அவன் என்ன நினைச்சிருப்பான், சாவு வீட்டுக்காரி சிரிக்கறாளேன்னு நினைச்சிருப்பான். துக்கத்தை அடக்கிக்கோங்கன்னு அர்த்தமாம் அதுக்கு. லிஜுவான் சொல்லித்தான் தெரியும்.

பிறந்தநாள் அன்னிக்கு லிஜுவான் உசிரோட ஒரு கெண்டை மீனை வாளியில கொண்டு வந்திருந்தா. அது துள்ளித் துள்ளித் தண்ணி தெறிச்சுது, நான் உக்காந்து, படுத்து, எல்லா விதமாவும் எடுத்தேன். எதுக்குக் கெண்டைன்னு கேக்கல. எழுபத்துமூணு அவங்களுக்குக் கண்டமுள்ள வயசு, கெண்டை துள்ற மாதிரி அந்த வருஷத்தைத் துள்ளித் தாண்டணும்னு பெத்த பிள்ளைங்க வாங்கிக் குடுக்கற வழக்கமாம். வருஷப் பிறப்புல இருந்து ஆயி சிவப்பு சாக்ஸ்தான் போட்டாங்க, இடுப்புல சிவப்புக் கயிறு, எல்லாம் காப்பு. அந்த சாக்ஸ் கொடியில காய்றதையும் எடுத்துப் போட்டேன் நான், என்ன அழகான கலர்னு எழுதி. காப்பு கட்டிக் கண்டத்தைத் தாண்ட நிக்கற பொம்பளைக்கு நான் கொண்டு போய்க் குடுத்தது சாவுப் படம். இங்க செத்தவங்களைத்தான் அப்படிக் கறுப்பு வெள்ளையில கறுப்புச் சட்டம் போட்டு வைப்பாங்க. எங்க ஊர்ல உசிரோட இருக்கறவங்க படத்துக்கு எவனாவது மாலை போட்டாக் கையை ஒடிச்சுருவோம். நான் மாலை போடல, பொட்டு வைக்கல, ஊதுபத்தி ஏத்தல, அதனால எனக்கு அது வெறும் படம். இங்க மாலைக்குப் பதிலாக் கலரை எடுத்துடறாங்க. அன்னிக்குக் காகிதத்தைப் பிரிச்சதும் லிஜுவான் சட்டத்தைப் பாத்தா, அம்மாவைப் பாத்தா. ஆயிதான் முதல்ல சிரிச்சாங்க. மூஞ்சி நல்லா வந்திருக்குன்னு சொல்லி, உள்ள கொண்டு போய்க் கட்டில்ல குப்புறக் கவுத்து வச்சாங்க. வெக்கப்படறாங்கன்னு நினைச்சேன். கேக்கு வெட்டினோம். எனக்குத்தான் பெரிய துண்டு.

லிஜுவான் படத்தைத் திருப்பிக் குடுக்க வந்தப்ப உள்ள வரல, வாசல்லயே நின்னா. கட்டியைப் பத்தி அப்ப எனக்குத் தெரியாது. அவ அழுதிருந்தா, மூக்கு சிவந்திருந்துச்சு. எல்லாத்தையும் ஒண்ணு ஒண்ணா, பிள்ளைகளுக்குப் பாடம் சொல்ற மாதிரிப் பொறுமையாச் சொன்னா, கலர், சட்டம், கடைக்காரன் சொன்ன வார்த்தை, கெண்டை. நான் தெரியாது லிஜுவான், சத்தியமாத் தெரியாதுன்னேன். அவ தலையைக் குனிஞ்சுக்கிட்டு, "அக்கா, நீங்க வேணும்னு பண்ணலைன்னு எனக்குத் தெரியும். ஆனா எங்க ஊர்ச் சமையல், கல்யாணம், சாவு எல்லாத்தையும் பதினோரு வருஷமாப் படம் எடுத்தீங்க. தெரியாதுன்னு மட்டும் சொல்லாதீங்க"ன்னா. சாவு எப்ப எடுத்தேன்னு அவ போனப்புறம் கம்ப்யூட்டர்ல தேடினேன். இருந்துச்சு. செருப்புத் தைக்கறவர் செத்தப்ப மழையில போன ஊர்வலம், என் இன்டர்நெட் பக்கத்துலயே ரொம்பப் பேர் பாராட்டின படம். முன்னால அவர் மகன் நெஞ்சோட அணைச்சு எடுத்துட்டுப் போறானே, கறுப்புச் சட்டம், கறுப்பு வெள்ளை முகம். அது மங்கலா இருந்துச்சு. நான் பின்னால வந்த குடையில விழுந்த மழையைத்தான் துல்லியமா எடுத்திருந்தேன். என் முன்னாடிதான் போச்சு, பாத்தேன், பாக்கல.

இவர்கிட்டச் சொன்னேன். "படம் எடுத்தா ஒருத்தருக்குக் கட்டி வருமா வசந்தா? அப்படின்னா எங்க எதிர்க்கடைக்காரனை வந்து ஒரு படம் எடு, எனக்கு வியாபாரம் நல்லா நடக்கும்"னு சிரிச்சார். எம்மூஞ்சியைப் பாத்துட்டுச் சிரிப்பை நிறுத்திட்டார். அப்புறம் சாப்பிட்டுட்டு ரொம்ப நேரம் கழிச்சு, ஒருவேளை நீ கொஞ்ச நாள் கீழ போகாம இருந்தாத்தான் என்னன்னார். அவருக்கும் உள்ளுக்குள்ள இருக்கு. கரூர்ல பிறந்தவர்தானே, அவங்கம்மா மிளகாயைச் சுத்திப் போட்டப்ப அவரும் அந்த வாசல்லதான் நின்னுட்டு இருந்தார். வராதுன்னு எனக்கும் தெரியும். மூணு வாரத்துல வர்ற கட்டி இல்ல அது, ரெண்டு மூணு வருஷமா வளந்திருக்கும்னு காவக்காரரே சொன்னார். தெரிஞ்சு என்ன பண்றது. நேத்து மத்தியானம் உப்பும் வரமிளகாயும் கடுகும் எடுத்து, அவங்க வீடு இருக்கற பக்கமாத் தரையைப் பாத்து மூணு சுத்து சுத்தி, இரும்புச் சட்டியில போட்டேன்.  கமறணும், கமறணும் சாமின்னு வேண்டிக்கிட்டு நின்னேன். கமறிடுச்சு. கண்ணுல தண்ணி வந்து, மூச்சு முட்டி, புகை மாடிப்படியெல்லாம் இறங்கி, மேல் வீடு, எதிர் வீடு எல்லாம் இருமறாங்க. கீழ ஆயி இருமறது கேட்டுச்சு. அந்த இருமலை எனக்குத் தெரியும், கடைசியில ஒரு செருமல் வரும். எங்க ஊர்க் கணக்குப்படி நான் குத்தமில்லாதவ, கண்ணு படவே இல்ல. தரையில உக்காந்து சிரிச்சேன். இதை யார்கிட்டப் போய்ச் சொல்றது. மாமியார் செத்துப் பல வருஷமாச்சு, லிஜுவானுக்கு மிளகாக் கணக்கு தெரியாது. நோயாளி இருக்கற வீட்டுக்கு மேல மிளகாயைச் சுட்டு இரும வச்சிருக்கா இந்த இந்தியாக்காரின்னு வேற ஆகியிருக்கும்.

அவங்க பொழைக்கணும்னு வேண்டறேனா, எம்மேல பழி வரக்கூடாதுன்னு வேண்டறேனா? ராத்திரியெல்லாம் இதைப் பிரிச்சுப் பாக்கறேன், பிரியவே மாட்டேங்குது. ஆயி நல்லா இருக்கணும்னு ஆரம்பிப்பேன், முடியறப்ப நான் நல்லவளா இருக்கணும்னு முடியுது. இன்னும் அசிங்கமா ஒண்ணு தோணுச்சு. ஏதாவது ஆயிடுச்சுன்னா அவங்களுக்கு ஒரு படம் வேணுமே, என்னுதுதானே நல்லா இருக்கும்னு. தோணினதும் வாயிலயே அடிச்சுக்கிட்டேன், வலிக்கற மாதிரி. எப்படித் தோணுது பாரு. இப்படித் தோணற மனசு கெட்ட மனசு இல்லாம வேற என்ன. மாமியார் நினைச்சது சரிதானோ? ஆஸ்பத்திரியில போய் எத்தனை டாக்டர் பாத்தோம், உனக்கும் ஒண்ணுமில்ல, அவருக்கும் ஒண்ணுமில்லைன்னாங்க, அப்புறம் ஏன் வரல. எங்கிட்ட என்னமோ இருக்குன்னு நான் ஒருநாளும் நம்பினதில்ல. நம்பலைன்னு நினைச்சுக்கிட்டே ஆயிரக்கணக்கான மைல் தள்ளி வந்து, ஊர்ல இருக்கற குழந்தையையெல்லாம் எடுத்து எடுத்து, பாரு ஒண்ணும் ஆகல, இந்தப் பிள்ளை நடக்குது, இது பள்ளிக்கூடம் போகுதுன்னு சரிபாத்துட்டு இருந்தேனோ என்னமோ. லிஜுவான் மகளை மாசாமாசம் எடுத்தேன், வளர்றதைக் காட்டறதுக்குன்னு சொல்லி. அவளுக்கு ஒரு காய்ச்சல் வந்தாலும் எனக்கு ரெண்டு நாள் சோறு இறங்காது. யாருக்குத் தெரியும் அது.

ஹாரன். வந்துருச்சு, சாம்பல் கலர் கார், மருமகன் இறங்கி டிக்கியைத் திறக்கறான். ஐயோ, இவ்வளவு நேரம் நின்னுட்டே இருந்திருக்கேன். கையைக் கழுவி, முந்தானையில துடைச்சு, செருப்பு ஒண்ணு கிடைச்சது, இன்னொண்ணு கதவுக்குப் பின்னால. கேமராவைத் தொடல. போனையும் மேசை மேலயே வச்சுட்டேன். படியில இறங்கறப்ப என்ன சொல்லணும்னு ஒத்திகை பாத்தேன், சீனத்துல, மெதுவா, ஆயி, நல்லபடியாப் போயிட்டு வாங்க, வந்ததும் ரசம் வச்சுத் தர்றேன். சளி பிடிச்சா எங்கிட்டத்தான் ரசம் கேப்பாங்க, காரத் தண்ணி, காரத் தண்ணின்னு. அவங்க வீட்டுக் கதவு திறந்து கிடந்தது, உள்ள யாரும் இல்ல, கீழ போயிட்டாங்க. ஓடினேன். வெளிய வந்ததும் வெயில் மூஞ்சியில அடிச்சு ஒரு நிமிஷம் ஒண்ணும் தெரியல. ரஜாய்க்கு நடுவுல நுழைஞ்சு போனேன். தட்டிட்டு இருந்த கிழவி பிரம்பை நிறுத்திட்டா.

ஆயி பின் சீட்டுல உக்காந்திருந்தாங்க, கதவு திறந்திருந்துச்சு, காலு ரெண்டும் இன்னும் வெளிய. இளைச்சுப் போயிருந்தாங்க. கன்னம் ஒட்டி, சட்டைக் காலர் கழுத்தைத் தொடாம நின்னுச்சு. லிஜுவான் நடுவுல வந்து நின்னா. நான் ரெண்டு கையையும் விரிச்சுக் காட்டினேன், எதுவும் இல்லைன்னு. அவ நகரல. உள்ள இருந்து ஆயி அவ இடுப்பைத் தொட்டு ஒதுக்கினாங்க. "மா நீ, சாப்பிட்டியா?"ன்னாங்க. அதே குரல், கொஞ்சம் காத்து ஜாஸ்தி. மா நீன்னு கூப்பிட்டுட்டாங்க. சாப்பிட்டேன் ஆயின்னு பொய் சொன்னேன். நல்லபடியாப் போயிட்டு வாங்கங்கறது நாக்குல வந்து நின்னுச்சு, அதுக்குள்ள அவங்க என் மூஞ்சியில இருந்து கண்ணை எடுத்துத் தன் மடியைப் பாத்தாங்க. பயந்திருந்தாங்க. என்னைத் திட்டித் திட்டி வளத்த பொம்பளை, யாருக்கும் பயப்படாதவங்க, எங்கிட்டப் பயந்திருந்தாங்க.

"கோவிச்சுக்காதே"ன்னாங்க. "நான் போற வரைக்கும் என்னைப் பாக்காம இரு. அந்தப் பக்கம் திரும்பி நின்னுக்கோ. இன்னிக்கு மட்டும்."

உத்தரவு போடற குரல் இல்ல. கெஞ்சற குரல். இத்தனை வருஷத்துல எங்கிட்ட எதையும் கேட்டு வாங்கினதில்ல அவங்க, எல்லாத்தையும் கையில இருந்து பிடுங்கித்தான் பழக்கம். முதல் தடவையா ஒண்ணு கேக்கறாங்க. சரிங்க ஆயின்னேன். தமிழ்ல சொல்லிட்டேன் போல. திரும்பினேன். முன்னால ஒரு ரஜாய், கம்பியில தொங்குது, சிவப்புல பெரிய பூ, பாச்சை உருண்டை வாசம். அதுல ஒரு பூவோட தையலைப் பாத்துட்டே நின்னேன், வேற எங்கயும் கண்ணு போயிடக்கூடாதேன்னு. பின்னால அவங்க காலைத் தூக்கி உள்ள வச்சாங்க, முழங்கால் வலிக்கு முனகினாங்க. லிஜுவான் மெதுவா என்னமோ சொன்னா. கதவு சாத்தினாங்க. இன்னொரு கதவு. வண்டி கிளம்பிச்சு, கேட்டுக்கிட்ட நின்னுச்சு போல, காவக்காரர் கம்பியைத் தூக்கற சத்தம் வந்துச்சு, அப்புறம் ஒண்ணும் கேக்கல. கிழவி தட்டறதை இன்னும் ஆரம்பிக்கல. காலனியே என் முதுகைப் பாத்துட்டு நிக்குது போல. தெருமுனையில கார் திரும்பியிருக்குமா, இல்ல இன்னும் கண்ணுக்குத் தெரியற தூரத்துலதான் இருக்கான்னு எனக்குத் தெரியல. எப்பத் திரும்பலாம்னு யாரும் சொல்லல. நான் நிக்கறேன்.